ஒலிம்பிக் குண்டு காட்டுப்பன்றியைச் சாய்க்குமா?

“ஏ பாப்பா, நம்ம தொண்டைமான் வீட்டுப் பிள்ளை ஒலிம்பிக்குக்கே போயி சுட்டுட்டு வந்தாரே, அவர ஒருநாளைக்கு நம்ம கொல்லைக்கு வரச்சொல்ல முடியாதா? நீ பத்திரிகையிலதானே இருக்க?”

ஆலங்குடி பக்கத்திலிருந்து சித்தப்பா போன் செய்தால் முதலில் மழை, அடுத்து கடலை, கடைசியில் என் கல்யாணம் என்றுதான் வரிசை போகும். இந்த முறை நேராகக் காட்டுப்பன்றியில் ஆரம்பித்தார். முக்கால் ஏக்கர் கடலையில் கால்வாசியை ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டதாம். காய் பிடித்து, பால் வற்றி, பருப்பு திரள்கிற நேரம். பன்றிக்கு அந்த வாசனை எப்படித்தான் தெரியுமோ!

சிரித்துவிட்டு போனை வைத்தேன். ஆனால், கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. உலகத் தரத்தில் குறி பார்த்துச் சுடுகிற ஒருவர் நம் ஊர்க்காரர். பன்றியும் நம் ஊர்ப் பன்றி. ஏன் முடியாது?

சட்டம் முடியாது என்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். சட்டத்தை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் சித்தப்பாவின் திட்டம் பலிக்காது. காரணம், போட்டியில் ஜெயிக்கிற குண்டும் விலங்கை வீழ்த்துகிற குண்டும் ஒன்றல்ல. கையில் எடுத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேலை முழுக்க வேறு.

முதலில் நம் ஊர் வீரரின் விளையாட்டு. புதுக்கோட்டை அரச குடும்பத்தில் பிறந்த பிரித்விராஜ் தொண்டைமான் சுடுவது ‘ட்ராப்’ என்ற பிரிவில். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்த ஆண்கள் அணிக்குத் தங்கம் கிடைத்தபோது மூவரில் ஒருவர் அவர். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். ட்ராப்பில் ஷாட்கன்தான் ஆயுதம். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்திலிருந்து இயந்திரம் ஒன்று சின்னத் தட்டு ஒன்றை வீசும். தட்டின் அகலம் 11 சென்டிமீட்டர். எந்தத் திசையில் பறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. கண்ணிமைக்கிற நேரத்தில் சுட்டு உடைக்க வேண்டும்.

அந்தத் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு கிடையாது. 24 கிராம் எடைக்குப் பொடி ரவை இருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 300. மணத்தக்காளி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு, மிளகைவிடச் சிறிசு. அது ஒரு வீச்சுவலை மாதிரி விரிந்து போய் தட்டில் நாலைந்து பட்டாலே தட்டு சிதறிவிடும். அதே ரவையை 40 மீட்டரில் நிற்கும் பன்றி மேல் போட்டால்? தோலில் பத்து இடத்தில் தைக்கும். பன்றி கத்திக்கொண்டு ஓடும். புண் சீழ் பிடித்து எங்கேயோ ஒரு புதருக்குள் பத்து நாள் கழித்துச் சாகும். இல்லை, சாகாமல் வெறியோடு திரியும். ஆக, தொண்டைமான் வீட்டுப் பிள்ளையை விட்டுவிடலாம்.

“சரி, அது ரவை. ரைஃபிள் போட்டியில் சுடுகிறவர்கள் இருக்கிறார்களே?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

நான் வாழ்க்கையில் சுட்டது மொத்தம் இரண்டு தடவை. திருவிழாக் கடையில் பலூன் சுட்டேன், ஆறுக்கு ஒன்று. காலேஜில் என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டேன். அதில் மூன்று, என் அட்டையில் இல்லை. பக்கத்துப் பெண்ணின் அட்டையில் எட்டு ஓட்டை இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதனால் இது சுடத் தெரிந்தவளின் பாடம் இல்லை. தெரியாதவள் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது.

ஒரு சின்ன சொல் விளக்கம். நாம் தோட்டா, குண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். தோட்டா என்பது முழு உருப்படி. பித்தளைக் கூடு, அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. விசையை இழுத்தால் கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும். பறப்பது குண்டு மட்டும். ரைஃபிள் குண்டுகளில் பெரும்பாலானவை உள்ளே ஈயம், மேலே செம்பு உறை. வெல்லப்பாகு உருண்டைக்கு மேல் சாக்லேட் பூசியது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உறை எவ்வளவு தடிமன், முனையில் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, ஈயம் உறையோடு ஒட்டியிருக்கிறதா என்பதில்தான் மொத்தக் கதையும்.

போட்டிக்குச் செய்கிற குண்டை ‘மேட்ச்’ குண்டு என்கிறார்கள். அதற்குத் தரப்படுகிற வேலை ஒன்றே ஒன்று. காற்றில் தடுமாறாமல் போய், நேற்று துளைத்த ஓட்டையிலேயே இன்றும் துளைக்க வேண்டும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அது இன்னும் மோசம். அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி! இந்த இரண்டுக்கும் உறை இல்லாத சின்ன ஈயக் குண்டுகளே போதும். 300 மீட்டர், அதற்கும் மேல் என்று தூரம் கூடும்போதுதான் செம்பு உறை போட்ட பெரிய மேட்ச் குண்டு வருகிறது. ஒவ்வொன்றும் ஒரே எடை, உறையின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவு, வால் பக்கம் படகு மாதிரிக் குறுகல், மூக்கு நீளம்.

அட்டையைத் துளைத்த பிறகு அந்தக் குண்டு என்ன ஆகிறது என்று அதைச் செய்தவர் யோசிப்பதே இல்லை. பின்னால் மண்மேடு இருக்கும். கதை அங்கே முடிந்தது.

இதில் பலரையும் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. மேட்ச் குண்டுகள் பலவற்றின் மூக்கு நுனியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். வேட்டைக் குண்டிலும் சிலவற்றுக்கு மூக்கில் குழி உண்டு. அதனால் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. ராணுவக் குண்டின் உறையை மூக்கிலிருந்து ஆரம்பித்து அடியில் மூடுவார்கள். மேட்ச் குண்டின் உறையை அடியிலிருந்து ஆரம்பித்து மூக்கில் குவிப்பார்கள். பொட்டலம் மடிக்கும்போது மேலே சின்ன ஓட்டை விழுகிறதே, அப்படி விழுந்த ஓட்டை அது. அடிப்பக்கம் கச்சிதமாக இருந்தால்தான் குண்டு நேராகப் பறக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. விலங்கின் உடம்புக்குள் விரிய வேண்டும் என்பதற்காக அல்ல. அமெரிக்க ராணுவம் சியரா நிறுவனத்தின் மேட்ச்கிங் குண்டைத் தன் ஸ்னைப்பர்களுக்குக் கொடுக்க நினைத்தபோது, இது போரில் தடை செய்யப்பட்ட விரியும் குண்டா என்று சட்டக் கேள்வி வந்தது. 1990-ல் அந்த ராணுவத்தின் சட்டப் பிரிவு கொடுத்த பதில், இது விரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல, அதனால் தடை இல்லை என்பதுதான்.

போரில் விரியும் குண்டுக்கு ஏன் தடை? அந்தக் கதைக்கு நம் நாட்டு முகவரியே இருக்கிறது. கொல்கத்தா விமான நிலையம் இருக்கிற டம்டம். அங்கே பிரிட்டிஷாரின் வெடிபொருள் தொழிற்சாலை இருந்தது. 1890-களில் வடமேற்கு எல்லையில் சண்டையிட்ட படையினர், புதிய .303 குண்டு எதிரியை ஊசி மாதிரித் துளைத்துப் போகிறது, அவர் நிற்காமல் ஓடி வருகிறார் என்று புகார் சொன்னார்கள். டம்டம்மில் கேப்டன் நெவில் பெர்டி கிளே, குண்டின் மூக்கில் உறையைக் கொஞ்சம் விலக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடம்பில் பட்டதும் ஈயம் காளான் மாதிரி விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கியது. உலகமே அதை டம்டம் குண்டு என்று அழைத்தது. 1899-ல் ஹேக் மாநாட்டில், மனித உடம்புக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது.

இப்போது விநோதத்தைப் பாருங்கள். மனிதர்கள் மேல் சுடக் கூடாத கொடூரம் என்று எந்தக் குண்டைத் தள்ளினார்களோ, விலங்கைச் சுட அதுதான் கருணையானது என்கிறது வேட்டையை அனுமதிக்கும் நாடுகளின் சட்டம். பிரிட்டனின் 1991-ம் ஆண்டு மான்கள் சட்டப்படி, ரைஃபிளால் மானைச் சுடுவதென்றால் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டுதான் போட வேண்டும். படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால், காரணத்தைப் படித்தபோது புரிந்தது.

குண்டு பட்டதும் விலங்கு ஏன் சாகிறது? சினிமாவில் வருகிற மாதிரி குண்டின் வேகத்தில் தூக்கி எறியப்படுவதெல்லாம் கிடையாது. நெஞ்சுக்கூட்டுக்குள் ரத்தம் கொட்டி, மூளைக்கு ரத்தம் போகாமல்தான் சாகிறது. இரண்டு நுரையீரலிலும் அகலமான துளை விழுந்தால் சில நொடிகளில் நினைவு போய்விடும். பென்சில் அகலத்துக்கு மட்டும் துளை விழுந்தால் ரத்தம் மெல்லத்தான் கசியும். அந்த நேரத்துக்குள் பன்றி நாலு வயல் தாண்டியிருக்கும்.

மேட்ச் குண்டு இங்கேதான் காலை வாருகிறது. அதுவும் இரண்டு விதமாக. சில நேரம் மூக்கின் சின்ன ஓட்டை அப்படியே மூடிக்கொள்ள, குண்டு விரியாமல் நேராக ஊடுருவி மறுபக்கம் போய்விடும். வேறு சில நேரம் மெல்லிய உறை எலும்பில் பட்டதும் உடைந்து, ஈயமும் செம்பும் பொடிப்பொடியாகத் தோலுக்குக் கீழேயே சிதறிவிடும். மேலே பயங்கரமான புண். உள்ளே நுரையீரல் பத்திரம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு குண்டுகளே இப்படி ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்ளலாம். அதுதான் பிரச்னையே. நல்ல ஆண் பன்றிக்குத் தோள் பக்கத்தில் தோலுக்கு அடியில் கவசம் மாதிரி தடித்த, கெட்டியான பகுதி உண்டு. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கொம்புப் பல்லால் குத்திக்கொள்வதைத் தாங்க இயற்கை கொடுத்தது. அதையும் கடந்து உள்ளே போக வேண்டும். சியரா நிறுவனமே தன் மேட்ச் குண்டுகளை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

வேட்டைக் குண்டின் வரலாறு முழுக்க இந்தக் கவலைதான். விரியவும் வேண்டும், உடையவும் கூடாது. 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு மூஸைச் சுட்டார். மூஸ் என்பது நம் ஊர்க் கடமானின் பெரியப்பா. அதன் உடம்பெல்லாம் சேறு காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. சுட்ட குண்டுகள் மேலேயே உடைந்து சிதற, விலங்கு விழவில்லை. வீடு திரும்பியவர் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு குண்டு செய்தார். உறைக்குள் நடுவில் ஒரு தடுப்புச் சுவர். முன்பாதி ஈயம் விரியும். பின்பாதி ஈயம் சுவருக்குப் பின்னால் உடையாமல் இருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ‘பார்டிஷன்’ என்றே பெயர். நம் வீடுகளில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் எழுப்புகிற சுவர் மாதிரி! இன்றைக்கும் அந்தக் குண்டு விற்பனையில் இருக்கிறது. பிறகு ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய குண்டுகள் வந்தன, ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் செய்தவையும் வந்தன. நன்றாக வேலை செய்கிற வேட்டைக் குண்டு தன் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், எடையில் பெரும்பகுதியை இழக்காமல் ஆழமாகப் போகும்.

யானை, காட்டெருமை என்று போனால் கணக்கு மறுபடி மாறும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அவற்றுக்கு விரியாத, கெட்டியான ‘சாலிட்’ குண்டையே நம்பினார்கள். அவ்வளவு தசையையும் எலும்பையும் தாண்டி உள்ளே போவதே பெரும்பாடு. விரிந்தால் நடுவழியில் நின்றுவிடும்.

மேட்ச் குண்டை வேட்டைக்கு எடுக்கிறவர்களின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். “எங்கே பட வேண்டுமோ அங்கேயே பட்டால் எந்தக் குண்டும் கொல்லும். மேட்ச் குண்டுதான் துல்லியம்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல வேட்டைக் குண்டு 100 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும். மேட்ச் குண்டு அதில் பாதி. பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு டிபன் தட்டு அளவு இருக்கும். தட்டுக்குள் மூன்று சென்டிமீட்டரில் விழுந்தால் என்ன, ஒன்றரையில் விழுந்தால் என்ன? நம் ஊரில் பன்றி தெரிவதே டார்ச் வெளிச்சத்தில் முப்பது, நாற்பது மீட்டரில். சுடுகிறவரின் கை நடுக்கம்தான் பத்து சென்டிமீட்டர் இருக்கும். மிச்சப்படுகிற ஒன்றரை சென்டிமீட்டருக்காக, உள்ளே போய் என்ன செய்யும் என்று தெரியாத குண்டை எடுப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. பெர்கர் மாதிரியான நிறுவனங்கள் நடுவழி ஒன்று கண்டுபிடித்திருக்கின்றன. மேட்ச் குண்டின் நீள மூக்கு வடிவத்தையே வைத்துக்கொண்டு, உறையின் தடிமனை மாற்றி, இலக்குக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்கின்றன. ஒன்றே இரண்டுக்கும் போதும் என்றால் அவர்கள் ஏன் இரண்டு பெட்டி அச்சடிக்க வேண்டும்?

காயப்பட்ட விலங்கு என்றால் என்ன என்பதற்கு ஜிம் கார்பெட் கதை படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 1907-ல் குமாவுன் மலையில் அவர் சுட்ட சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைப் பார்த்தபோது வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட பழைய குண்டின் வேலை. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. சரியாகப் படாத ஒரே ஒரு குண்டு.

சட்டம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சமஸ்தான காலத்தில் புதுக்கோட்டையில் அரசரின் வேட்டைக்கென்றே காடுகள் இருந்தன. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு அரசரே உயிரோடு இருந்தாலும் ஒரு முயலைச் சுட முடியாது. விளையாட்டுக்கு வேட்டை என்பதே நம் நாட்டில் இல்லை. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும், அதிகாரம் உள்ள வனத்துறை அதிகாரி எழுத்துபூர்வமாக உத்தரவு போடலாம். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தது இது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் சுடலாம். சுடுவது வனத்துறை. விவசாயி அல்ல. பக்கத்துக் கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி கொடுத்து, துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். நம் ஊரில் அப்படி இல்லை.

அனுமதிக்குக் காத்திருக்காதவர்கள் செய்வதும் நமக்குத் தெரியும். நாட்டுத் துப்பாக்கியில் சைக்கிள் பால்ரஸை நிரப்பிச் சுடுவது. தீனிக்குள் அவுட்டுக்காய் என்கிற நாட்டுவெடியை வைப்பது. அதைக் கடித்துத் தாடை கிழிந்து, தின்ன முடியாமல் செத்த யானைகள் உண்டு, மேயப்போன பசுமாடுகள் உண்டு. வேலியில் கரன்ட் கொடுப்பது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்து விழ, இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவையும் படித்து முடித்தபோது எனக்கு வேறு ஒரு கவலை வந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் வருகிற கவலைதான்.

விலங்கைத் தாண்டிப் போகிற குண்டு எங்கே போகும்?

என் என்.சி.சி. நாளில் சுட்ட அந்தச் சின்ன பாயின்ட் டூ டூ குண்டு மூன்று கிராம்கூட இருக்காது. அதுவே ஒன்றரை கிலோமீட்டர் பறக்கக் கூடியது. பெரிய ரைஃபிளின் குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். மேட்ச் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு, வேகம் குறையாமல் போவதற்கென்றே செதுக்கப்பட்டது. பன்றிக்குள் விரியாமல் ஊடுருவினால் மிச்ச வேகத்தோடு அடுத்த கொல்லைக்குப் போகும். அங்கே ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு யாராவது நிற்பார்கள். விரிகிற வேட்டைக் குண்டு தன் வேகத்தில் பெரும்பகுதியை உள்ளேயே செலவழித்துவிடும். சில நேரம் மறுபக்கத் தோலுக்கு அடியில் தங்கும், வெளியே வந்தாலும் தளர்ந்து வரும். ஆனால், குறி தப்பிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டும் பறக்கும். பாறையில் பட்டால் திசை மாறித் தெறிக்கும். புதுக்கோட்டையில் பாறைக்கா பஞ்சம்?

2021 டிசம்பர் 30. நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், பசுமலைப்பட்டியில் இருக்கும் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். புதுக்கோட்டை மருத்துவமனையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3-ம் தேதி அந்தப் பிள்ளை இறந்துபோனான். தளம் மூடப்பட்டது. அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அப்போது நான் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோரும் போனில் அதே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர்க்காரி என்பதால் என்னிடம்தான் கேட்டார்கள், “அங்கெல்லாம் வீடு பக்கத்துலயே சுடுவாங்களா?” என்று. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அந்தத் தளம், சுடுவதற்கென்றே அமைத்த இடம். பயிற்சி பெற்றவர்கள், பகல் நேரம், இலக்குக்குப் பின்னால் மலை. அங்கேயே அப்படி என்றால், சித்தப்பாவின் கொல்லையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தேன். வடக்கே முந்திரித் தோப்பு. கிழக்கே தார்ச்சாலை, விடிகாலையில் பால்காரர் வருவார். தெற்கே முந்நூறு மீட்டரில் காலனி வீடுகள். மேற்கே அத்தை வீடு.

வனத்துறையே வந்து சுடுவதாக இருந்தாலும், சமதரையில் நின்று நேராகச் சுடுவதைவிடப் பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது நல்லது. தப்பினாலும் குண்டு மண்ணுக்குள் போகும். எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு என்ற கேள்விகூட அதற்கு அடுத்ததுதான்.

மறுபடி சித்தப்பாவுக்கு போன் செய்து, எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். ரவை, மேட்ச் குண்டு, வேட்டைக் குண்டு, அத்தை வீடு எல்லாம். பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு முறை, “அந்த மூஸு எவ்வளவு பெருசு இருக்கும்?” என்றார். சொன்னேன். “ஆத்தாடி” என்றார்.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனச்சரகர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், வி.ஏ.ஓ.விடம் சேதத்தை எழுதி வாங்குங்கள், இன்றைக்கே மொபைலில் போட்டோ எடுத்துவையுங்கள், பன்றி மறுபடி வந்தால் தேதியைக் குறித்துவையுங்கள் என்றேன்.

“எடுத்தாச்சு, உங்க தம்பிதான் எடுத்தான். எல்லாத்துலயும் அவன் மூஞ்சிதான் பெருசா இருக்கு, பன்னி நோண்டுன குழி சின்னதா தெரியுது. நாளைக்குத் திரும்ப எடுக்கச் சொல்றேன்.” கொஞ்சம் நிறுத்தி, “பரண் ஒண்ணு கட்டிடுறேன். சுட இல்லத்தா, தகரத்தத் தட்டத்தான். கடலை புடுங்க இன்னும் இருவது நாளுதானே” என்றார்.

அதன் பிறகு வழக்கம்போல என் கல்யாணப் பேச்சு ஆரம்பமானது. சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.